சூடு ஏறினா துகள் வீங்குமா?

வாசகர் கேள்விகளுக்கு ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருத்தர் பதில் சொல்றாங்க.

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மக தமிழ்ப்பள்ளியில படிச்சுட்டு இப்ப ஃபார்ம் ஃபோர், கெமிஸ்ட்ரி இங்கிலீஷ்ல நடக்குது. திடம் திரவம் வாயுன்னா என்னன்னு கேட்டா அப்படியே ஒப்பிப்பா. ஆனா போன டெஸ்ட்ல, பலூன் மாட்டுன போத்தலை சூடு பண்ணா உள்ள இருக்குற துகள் எப்படி இருக்கும்னு வரையச் சொன்னாங்களாம், இவ ஒவ்வொரு துகளையும் பெருசு பெருசா வரைஞ்சு மார்க் போச்சு. டியூஷன்ல ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணுன்னு சொல்றாங்க. நான் ஃபார்ம் த்ரீயோட நிறுத்துனவ, வீட்டுல என்னால என்ன செய்ய முடியும்? – ஒரு அம்மா, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, உங்க மக யோசிச்சுத்தான் அந்தப் படத்தைப் போட்டிருக்கா. சூடானா வாயு விரியும்னு புத்தகத்துல இருக்கு, வாயுன்னா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் துகள், அப்ப துகள்தானே விரியணும்னு அவ மனசுல ஓடியிருக்கு. நான் பாடம் எடுத்த காலம் பூரா ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை இதே படத்தைப் போட்டுக் குடுத்திருக்கு. துகள் எப்பவும் அதே சைஸ்தான், அதே எண்ணிக்கைதான், மாறுறது அதோட வேகமும் நடுவுல இருக்குற இடமும் மட்டும். இது மனசுல உக்காராத வரைக்கும் எந்த ஃபார்முலாவும் பிள்ளைக்கு ஒட்டாது, அதனால டியூஷன் சொல்றதைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க.

ஃபார்மசில ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்குங்க. 20 வரைக்கும் காத்தை இழுத்து, முனையை விரலால நல்லா அடைச்சுக்கிட்டு மக மெதுவா அமுக்கட்டும். 10 வரைக்கும் போறதுக்குள்ள கை வலிக்கும், விட்டா பிஸ்டன் தானா திரும்பி வரும். இப்ப பேப்பர்ல அமுக்குறதுக்கு முன்னாடி பத்து புள்ளி, அமுக்குன பிறகு பத்து புள்ளி வரையச் சொல்லுங்க, எண்ணிப் பாருங்க, பத்துக்கு பதினொண்ணோ எட்டோ ஆச்சுன்னா 'இந்தத் துகள் எங்கருந்து வந்துச்சு, எங்க போச்சு'ன்னு கேளுங்க. அதுக்கு நீங்க கெமிஸ்ட்ரி படிச்சிருக்கவே வேணாம். அப்புறம் அதே சிரிஞ்சுல காத்து சிக்காம தண்ணி நிரப்பி அமுக்கச் சொல்லுங்க, அசையாது. ஏன்னா தண்ணியில துகளுங்க ஏற்கனவே ஒட்டி நிக்குது, நெருக்க இடமில்ல. 1 மில்லி தண்ணி கொதிச்சு ஆவியானா கிட்டத்தட்ட 1,700 மில்லி இடத்தைப் பிடிக்கும், கணக்குப் போட்டா துகளுக்கும் துகளுக்கும் நடுவுல தூரம் சுமார் 12 மடங்கு ஆகுது. அந்த இடைவெளியில என்ன இருக்குன்னு கேட்டா நிறைய பிள்ளைங்க 'காத்து'ன்னு சொல்லும். அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் வெளி. இதை நம்புறது பெரியவங்களுக்கே கஷ்டம், பிள்ளையை அவசரப்படுத்தாதீங்க.

ராபர்ட் பாயில் 1662ல வெளியிட்ட விதியும் இந்த சிரிஞ்சு கதைதான். ஒரு பக்கம் அடைச்ச, ஜே மாதிரி வளைஞ்ச கண்ணாடிக் குழாய்ல பாதரசத்தை ஊத்த ஊத்த உள்ள மாட்டுன காத்து சுருங்குறதை அளந்து பாத்தாரு, அழுத்தம் ரெண்டு மடங்கானா கொள்ளளவு பாதி. சிரிஞ்சை அமுக்கி கை வலிச்ச பிள்ளைக்கு இதை மனப்பாடம் பண்ற வேலையே இருக்காது.

இன்னொண்ணு, காலி பிளாஸ்டிக் போத்தல் வாயில பலூன் மாட்டி ஃபிரிஜ்ல வச்சு எடுத்து, தலைகீழா பிடிச்சுக்கிட்டு சுடுதண்ணியில நனைச்ச துணியைச் சுத்துங்க (கொதிக்கிற தண்ணி வேணாம், கை பொறுக்குற சூடு போதும்). பலூன் கீழ பாத்து உப்பும். சூடு பண்ணா துகள் எல்லாம் மேல ஓடிப்போயிடும்னு வரையிற பிள்ளைங்களுக்கு இதை விட நல்ல பதில் எனக்குத் தெரியல.

எல்லாத்தையும் அவ முதல்ல தமிழ்ல விளக்கட்டும். துகள், மலாய்ல ஸாரா, இங்கிலீஷ்ல பார்ட்டிக்கல், மூணும் ஒண்ணுதான்னு புரிஞ்சுட்டா எந்த மொழியில கேள்வி வந்தாலும் எழுதிடுவா.

கேள்வி: நான் புதுசா வேலைக்கு வந்த கெமிஸ்ட்ரி டீச்சர். நாஃப்தலீனை (அந்துருண்டை) சூடு பண்ற பரிசோதனையில 80 டிகிரி கிட்ட வெப்பநிலை கிராஃப் ஏறாம படுத்துக்குது. 'அடுப்பு எரியுதே, சூடு எங்க டீச்சர் போகுது'ன்னு ஒரு பையன் கேட்டான். மறைவெப்பம்னு சொல்லி நகந்துட்டேன், மனசு கேக்கல. – ஆசிரியை, கெப்போங்

பதில்: உங்களுக்கு மனசு கேக்காதது எனக்கு ரொம்ப சந்தோஷம்மா, அந்தப் பையன் கேட்டதுதான் பாடமே. தெர்மாமீட்டர் காட்டுறது துகளோட சராசரி வேகத்தைப் பொறுத்தது. உருகுற நேரத்துல குடுக்குற சூடு வேகத்தைக் கூட்டாம, துகளுங்க ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்குற பிடியைத் தளர்த்துறதுக்குப் போகுது, அதனால ரீடிங் நிக்குது, இந்தச் சூட்டைத்தான் மறைவெப்பம்னு சொல்றோம். 1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேணும், அதே சூட்டை 0 டிகிரி தண்ணிக்குக் குடுத்தா அது கிட்டத்தட்ட 80 டிகிரி வரைக்கும் ஏறிடும், அவ்வளவு சூடும் உருக்குறதுக்கே போகுதுன்னு சொன்னா வகுப்பு அமைதியாயிடும். முதல்ல ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணியைக் கலக்கிக்கிட்டே அளக்கச் சொல்லுங்க, கடைசித் துண்டு கரையிற வரைக்கும் 0 பக்கத்துலயே நிக்கும், அப்புறம் நாஃப்தலீனுக்குப் போங்க.

ஆற விடும்போது கலக்காம விட்டா 80க்கு கீழ இறங்கி திரும்ப மேல வரும், உறைய வேண்டிய இடத்துல உறையாம திரவமாவே குளுந்து போறதுதான் காரணம். பிள்ளைங்க அந்தப் பள்ளத்தை ரப்பர் போட்டு அழிச்சு நேர் கோடு போடுவாங்க, விடாதீங்க, வந்ததை வந்தபடி வரையட்டும். திடத்துல துகள் சும்மா நிக்கும், உருகுனாதான் அசையும்னு எழுதுனாலும் திருத்துங்க, திடத்துலயும் அது இருந்த இடத்துலயே அதிர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு.

கேள்வி: கெந்திங் மலை மேல போனப்ப சிப்ஸ் பாக்கெட் உப்பிப் போச்சு. அங்க குளிராச்சே, வாயு சுருங்கத்தானே செய்யணும்? – ஃபார்ம் ஃபோர் மாணவன், கோலாலம்பூர்

பதில்: தம்பி, நீ சொன்ன சுருங்கலும் நடக்குது, ஆனா அதை விடப் பெருசா இன்னொண்ணு நடக்குது. கெந்திங் சுமார் 1,800 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல ஏறக்குறைய 80 சதவீதம்தான், கீழ அடைச்ச பாக்கெட்டை வெளியிலருந்து அமுக்குற கை தளந்துடுது. கீழ 30 டிகிரி, மேல 20 டிகிரின்னு வச்சுக்க, கணக்குல எப்பவும் கெல்வின்தான் (செல்சியஸோட 273 கூட்டணும்), 303ம் 293ம். அழுத்தம் கீழ 101, மேல 82 கிலோபாஸ்கல், அதால 1.23 மடங்கு பெருக்கும், குளிரால 293க்கு 303, அதாவது 0.97 மடங்கு சுருங்கும், ரெண்டையும் பெருக்குனா சுமார் 1.19. செல்சியஸ்ல போட்டிருந்தா குளிர் மட்டுமே மூணுல ஒரு பங்கைச் சுருக்கிடும்னு வந்து, பாக்கெட் சப்பையாத்தான் இருக்கணும்னு முடிச்சிருப்ப. அடுத்த தடவை ஒரு பாக்கெட்டைத் திறக்காம கீழ கொண்டு வந்து பாரு. அதோட மேல குடிச்சு முடிச்ச தண்ணிப் போத்தலை அங்கயே இறுக்கி மூடி எடுத்துட்டு வா, கீழ கோம்பாக் வந்து சேர்றப்ப அது எப்படி ஒடுங்கியிருக்குன்னு பாத்துட்டு ரெண்டுக்கும் புள்ளி வச்சு படம் வரைஞ்சு அனுப்பு.