பனிவரகை அறுத்த அன்றே அடிக்கலாமா?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் பனிவரகு விதைத்துள்ளோம். வீட்டு ஆட்கள் ஐந்து பேர்தான். அறுவடை இயந்திரம் இல்லை. சென்ற பருவத்தில் ஒரே நாளில் அறுத்து, அடித்து, மூட்டை கட்டினோம். வயலிலேயே நிறைய மணி உதிர்ந்துபோனது; மூட்டையில் இருந்ததும் புழுங்கி நாற்றமெடுத்தது. இம்முறை அந்த நாளை எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில், ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். பனிவரகில் கதிரின் நுனி மணிகள் முந்தி முற்றும். அடிப்பகுதி மணிகள் பச்சையாக இருக்கும்போதே அவை உதிரத் தொடங்கிவிடும். மணி முற்றிய பிறகும் தண்டும் இலையும் பச்சை மாறாமல் நிற்பது இப்பயிரின் இயல்பு. ஆகவே, பயிர் முழுவதும் காயட்டும் என்று காத்திருந்தால் நுனி மணி மண்ணுக்குப் போகும். பச்சைத் தாளோடு அறுத்து அன்றே அடித்தால் தாளின் ஈரம் தானியத்தில் ஏறி மூட்டைக்குள் போய்விடும். உங்களுக்கு இரண்டும் நேர்ந்திருக்கின்றன.

கதிரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மணிகள் முற்றி, நகத்தால் அழுத்தினால் நசுங்காத பதத்துக்கு வந்ததும் அறுக்கலாம். வரப்போரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வயலின் நடுவிலும் நான்கைந்து இடங்களில் கதிரைப் பறித்துப் பாருங்கள். பிறகு வயலை மூன்று நான்கு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு பங்கை அறுப்பது, உச்சிவெயிலில் இரண்டு மூன்று நாள் முன்பு அறுத்துக் காயப்போட்டதை அடிப்பது என்று வேலையை அமைத்தால், ஐந்து பேரின் உழைப்பும் வீணாகாது, களத்திலும் நெரிசல் இருக்காது.

அறுப்பைப் பனி ஈரம் உள்ள விடியற்காலையிலேயே தொடங்குங்கள். ஈரத்தில் கதிர் சற்றே துவண்டிருப்பதால் மணி அவ்வளவாகக் கொட்டாது. வெயில் ஏறிய பிறகு அரிவாள் படும் அதிர்ச்சியே மணியை உதிர்க்கப் போதும். பயிரை வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறுங்கள். வேரோடு வரும் மண்ணிலுள்ள பொடிக்கற்கள் பனிவரகு மணியின் அளவிலேயே இருப்பதால் சல்லடையிலும் தங்காது, காற்றிலும் பறக்காது. பிறகு அதைப் பிரிப்பதைப் போன்ற சலிப்பூட்டும் வேலை வேறில்லை. அறுத்த அரிகளைக் குவிக்காமல் தார்ப்பாய்மீது மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒருமுறையாவது திருப்பிப் போடுங்கள். உதிரும் மணியும் பாயிலேயே தங்கும்.

தாள் காய்ந்துவிட்டதா என்பதை அறியத் தண்டை மடக்கிப் பாருங்கள்: படக்கென்று முறிந்தால் அடிக்கலாம், நார்போல் வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. தடியால் மிதமாக அடித்தாலே மணி பிரியும். டிராக்டரை மேலே ஓட்டுவது விரைவான வழிதான். ஆனால் அடுத்த பருவத்துக்கான விதையை அதற்கு முன்பே தனியாக எடுத்துக் கையால் அடித்து வைப்பது நல்லது. தூற்றுவதற்கு மெல்லிய, சீரான காற்று போதும். பலத்த காற்றில் பதரோடு நல்ல மணியும் பறக்கும். தூற்றுபவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

மாலையில் வெயில் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். சூடு தணியும்போது உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறவிட்டுக் குவித்து, பனி இறங்குவதற்குள் மூடுங்கள். மறுநாளும் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காய வையுங்கள். சேமிப்புக்கு ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஈரமானி இல்லையென்றால், உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி தானியத்தோடு நன்கு காய்ந்த உப்பைப் போட்டுச் சில நிமிடம் குலுக்கிப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒட்டாவிட்டாலும் நீண்டகாலச் சேமிப்புக்கு இன்னும் ஓரிரு வெயில் காட்டுங்கள். உமியோடு வைத்தால் நெடுநாள் தாங்கும். உமி நீக்கிய அரிசி விரைவில் சிக்கு வாடை எடுக்கும் என்பதால் அதைத் தேவைக்கு மட்டும் குத்திக்கொள்ளுங்கள்.

இடையில் வானம் மூடிக்கொண்டால் அன்று அறுக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஏற்கெனவே அறுத்ததைச் சிறுசிறு கட்டுகளாகக் கட்டி, கூரைக்குள் கதிர் மேலே இருக்கும்படி இடைவெளி விட்டுச் சாய்த்து நிறுத்துங்கள்.