புரொமீதியசும் சாத்தானும்

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் மனிதருக்காக நெருப்பைத் திருடிக் கடவுளை எதிர்த்துத் தண்டனை பெற்ற புரொமீதியசின் கதைக்குத்தான் கிறித்தவர்கள் சாத்தான் என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டார்கள் என்கிறேன். மறுக்க முடியுமா?

பதில்: முடியும். எதிர்த்தவனைப் பார்த்த நீங்கள், எதிர்க்கப்பட்டது யார் என்று பார்க்கத் தவறிவிட்டீர்கள். கிரேக்கரின் தலைமைத் தெய்வமான சீயஸ் உலகைப் படைத்தவன் அல்லன். தந்தை ஊரானசை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்த குரோனசை, அவன் மகன் சீயஸ் பத்தாண்டுப் போரில் வீழ்த்தினான் என்கிறது பழங்கிரேக்கக் கவிஞர் ஹீசியோடின் 'தியோகனி'. கலகத்தால் கைமாறிய அரியணையை எதிர்த்து மீண்டும் ஒரு கலகம் எழுவதில் அங்கே வியப்பில்லை. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலசின் பெயரில் வழங்கும் நாடகத்தில், அந்தப் போரின்போது சீயசின் பக்கம் நின்றவனே புரொமீதியஸ்தான். சீயசின் ஆட்சி எதனால் கவிழும் என்ற இரகசியமும் இவன் கையில் இருக்கிறது. தண்டனையாகக் கட்டுண்டு கிடந்த புரொமீதியசின் கல்லீரலைத் தின்ற கழுகைச் சீயசின் மகனான வீரன் ஹெராக்ளிஸ் கொல்வதுகூடச் சீயசின் இசைவோடுதான் நடக்கிறது.

விவிலியத்தின் கடவுளோ தம்மை எதிர்ப்பவனையும் படைத்தவர். அவரிடம் பேரம் பேச எவனிடமும் இரகசியம் கிடையாது. தவிர, நீங்கள் சொல்லும் சாத்தானின் கதை விவிலியத்தில் ஓரிடத்தில் முழுமையாக இல்லை. ஆதியாகமத்தில் ஏவாளிடம் பேசுவது பாம்பு. அதைச் சாத்தான் என்று அந்நூல் எங்கும் சொல்லவில்லை. ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் 'விடிவெள்ளியே' என்று விளிக்கப்பட்டு வானத்திலிருந்து விழுபவன் பாபிலோன் ராஜா. அங்கே இலத்தீன் மொழிபெயர்ப்பு இட்ட 'லூசிபர்' என்ற சொல்லே பிற்காலத்தில் சாத்தானின் பெயராயிற்று. வானத்தில் போர் மூள்வதும், பழைய பாம்பும் சாத்தானும் ஒன்றே என்று சொல்லப்படுவதும் வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில்தான். சிதறிக் கிடந்த இவற்றை ஒரே சரடில் கோத்தவர்கள் பின்வந்த உரைகாரர்கள்.

ஒப்பிட்டே ஆகவேண்டுமானால் துன்பங்கள் அடைத்த சாடியைத் திறந்த, கிரேக்கக் கதையின் முதல் பெண் பண்டோராவையும் ஏவாளையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். தெய்வம் மறைத்து வைத்தது மனிதன் கைக்கு வருவதும், பழி பெண்ணின் தலையில் விழுவதும் இரண்டிலும் உண்டு. உங்கள் மனத்தில் இருக்கும் வீரச் சாத்தானுக்கு வயது அதிகமில்லை. 1667இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' என்ற காவியம் வார்த்தெடுத்த உருவம் அது. அவனையும் புரொமீதியசையும் அருகருகே நிறுத்தி அளந்தவர், நாத்திகத் துண்டுநூல் ஒன்றின் தொடர்பில் 1811இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி. திருச்சபைக்குச் சலுகை காட்டும் தேவை சிறிதும் இல்லாத அவரே, 1820இல் புரொமீதியசைப் பற்றிய தம் கவிதை நாடகத்தின் முன்னுரையில், பேராசை, பொறாமை, பழிவாங்கும் வெறி ஆகிய கறைகள் படியாதவனாகப் புரொமீதியசைக் காட்ட முடியும் என்பதால் சாத்தானைவிட அவனே கவித்துவம் மிக்க பாத்திரம் என்று பிரித்து எழுதிவிட்டார்.