அப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள், எனக்கு விந்தணுவே இல்லை. இது எப்படிப் பரம்பரைக் கோளாறு ஆகும்?

பாடப்புத்தகத்தில் ‘பரம்பரையலகு’ (ஜீன்) என்று படித்ததால் வரும் குழப்பம் இது. பரம்பரையலகில் கோளாறு என்றால் அப்பாவுக்கும் அது இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் வை நிறமூர்த்தத்தின் (குரோமோசோம்) நீண்ட புயத்தில் ஏஇசட்எஃப் என்ற பகுதி இருக்கிறது; அதில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். விந்தணு உருவாக அது வேண்டும். அப்பாவின் விந்தணு உருவாகும் நேரத்தில் அதிலொரு துண்டு கழன்றுபோகலாம். அவரில் முழுதாக இருக்கும், உங்களில் இருக்காது. ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக வரும் கிளைன்ஃபெல்டர் என்ற நிலையும் இப்படித்தான், பரம்பரையாக வருவதில்லை.

நீங்கள் கொழும்பு வெள்ளவத்தை என்று எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். வீட்டில் விந்து மாதிரி எடுத்துக்கொண்டு காலி வீதி நெரிசலில் போகாதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் லேப்பில் இருக்கவேண்டும். அங்கேயே எடுப்பது நல்லது. அதற்கு முன்னே 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி வேண்டும். ‘அணு இல்லை’ என்று ஒரு தடவை வந்ததை வைத்து முடிவுகட்ட முடியாது. மறுபடி கொடுங்கள், சுழற்றி அடியில் படிந்ததையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விந்தின் அளவு 1.5 மில்லிலீற்றருக்குக் குறைந்து, அமிலத்தன்மையும் இருந்து, விந்துக்குழாய் கைக்குத் தட்டுப்படாவிட்டால் சிஎஃப்டிஆர் என்ற பரம்பரையலகைப் பார்க்கவேண்டும். விதையில் (விரையில்) பெரும்பாலும் அணு உருவாகிக்கொண்டிருக்கும், ஊசியால் எடுக்கலாம். ஆனால் அதற்குமுன் மனைவிக்கும் அதே சோதனை கட்டாயம். இருவரிலும் மாற்றம் இருந்தால் பிள்ளைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற கடுமையான நுரையீரல், சமிபாட்டு நோய் வரலாம்.

விதை சிறுத்து, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஓமோன் இரத்தத்தில் ஏறியிருந்தால் நிறமூர்த்தச் சோதனையும் வை துண்டிழப்புச் சோதனையும் வேண்டும். முதலாவதுக்கு இரத்தம் ஹெப்பாரின் குழாயில் போகவேண்டும், கலங்களை உயிரோடு வளர்த்துப் பார்ப்பதால். மற்றதற்கு ஈடிடிஏ குழாய். மாறினால் திரும்ப ஊசி குத்தவேண்டிவரும்.

ஏஇசட்எஃப்பில் ஏ அல்லது பி பிரிவு முழுதாக இல்லையென்றால் அறுவைச் சிகிச்சையில் அணு கிடைக்காது. அதற்குக் காசு கட்டாதீர்கள். சி மட்டும் இல்லையென்றால் நுண்நோக்கியால் தேடி எடுக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

டொக்டருக்கு மேலே பேசுகிறேன் என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்: பிள்ளை வேண்டுமென்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடாதீர்கள். அது மூளையிலிருந்து வரும் கட்டளையை நிறுத்தி, இருக்கும் உற்பத்தியையும் அடக்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றும். கருக்குழாய்ப் படம், ஸ்கேன், மாத்திரை என்று மனைவியை வருடக்கணக்கில் அலைக்கழித்துவிட்டுக் கடைசியில்தான் புருஷனின் மாதிரியைக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு காலைப்பொழுதில் முடிகிற சோதனை அது.