ஓவன் இல்லாமல் கிரானோலா பார்: பாகுப் பதம் பிடிபட்டால் போதும்

கேள்வி: எனக்கு 4 வயதிலும் 8 வயதிலும் இரண்டு குழந்தைகள். பள்ளி இடைவேளைக்குக் கடையில் கிரானோலா பார் (ஓட்ஸ், கடலை, விதைகளை இனிப்புடன் அழுத்தி வெட்டிய துண்டு) வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, இனிப்பும் அதிகமாக இருக்கிறது. ஓட்ஸும் தேனும் சேர்த்து வீட்டில் செய்து பார்த்தேன். வெட்டும்போதே பாதி உதிர்ந்துவிட்டது. மீதி மறுநாள் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வீட்டில் ஓவன் கிடையாது. சத்தாகவும் செலவு குறைவாகவும் எப்படிச் செய்வது?

பதில்: உதிர்ந்ததற்கும் பிசுபிசுத்ததற்கும் காரணம் தேன்தான். தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அப்படியே ஊற்றிக் கிளறினால் ஆறிய பிறகும் இறுகாது, ஓட்ஸைப் பிடித்து நிறுத்தாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலோர ஊராக இருந்தால் ஒரே இரவில் கை ஒட்டும்.

இறுகிப் பிடிக்கும் பொருள் நம் மளிகையிலேயே இருக்கிறது: வெல்லப் பாகு. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய் நிற்பதும் அதன் பலத்தில்தான். ஆனால் கடலை மிட்டாயின் பதம் 4 வயதுப் பல்லுக்குக் கடினம், வெல்லமும் அதில் கூடுதல். அந்தப் பதத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தி, வெல்லத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பேரீச்சையைச் சேர்த்தால் மென்று தின்னக்கூடிய பார் கிடைக்கும்.

16 துண்டுகளுக்கான அளவு இது. கெட்டி அவல் 150 கிராம், வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50, எள் 30, பூசணி விதை 20. பிடிமானத்துக்குப் பாகு வெல்லம் 120 கிராம், விதை நீக்கிய மெதுவான பேரீச்சை 60 கிராம், நெய் ஒரு மேசைக்கரண்டி. கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் ஏலக்காய் அல்லது சுக்குப் பொடி. கடலை, விதை வகைகளில் விலை கூடியது பூசணி விதைதான். கட்டுப்படியாகாவிட்டால் அதைத் தள்ளிவிட்டு எள்ளைக் கூட்டிக்கொள்ளுங்கள், பாருக்கு ஒன்றும் ஆகாது. மளிகை விலை ஊருக்கு ஊர் மாறினாலும் ஒரு துண்டுக்கு ஏழெட்டு ரூபாய்க்கு மேல் போவது அரிது.

ஓட்ஸ்தான் வேண்டும் என்றால் முழுதாகத் தட்டையாக இருக்கும் ரோல்டு ஓட்ஸை அதே அளவில் எடுங்கள். உடனடி ஓட்ஸ் பாகில் குழைந்து மாவாகிவிடும். ஆனால் அவல் விலை குறைவு, வறுத்தால் ஓட்ஸை விட மொறுமொறுப்பு. சிவப்பு அவலாக இருந்தால் தவிடும் கொஞ்சம் சேரும். மெல்லிய அவல் வேண்டாம், அழுத்தும்போது நொறுங்கிவிடும்.

அவலை எண்ணெய் இல்லாமல் அகலமான வாணலியில் சிறுதீயில் 7 முதல் 9 நிமிடம் வறுக்க வேண்டும். நிறம் மாறக் காத்திருக்காதீர்கள். இரண்டு விரலில் நசுக்கினால் பொடியாக உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அரைகுறையாக வறுத்த அவல் பாகிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சி, மறுநாளே நமுத்துப்போய்த் தோல் மாதிரி இழுபடும். வேர்க்கடலையைத் தனியாக வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடையுங்கள். முழுக்கடலை இருந்தால் கத்தி படும் இடத்தில் பார் பிளக்கும். எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். பொட்டுக்கடலையில் பாதியைப் பொடித்துக்கொள்ளுங்கள். அவலுக்கும் கடலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அந்தப் பொடிதான் அடைக்கிறது, பார் உதிராமல் இருப்பதில் பாகுக்கு அடுத்த பங்கு அதற்கு உண்டு. எல்லாவற்றையும் கலந்து சூடு ஆறாமல் மூடி வையுங்கள். ஆறிய கலவையில் பாகை ஊற்றினால் பாகு அங்கங்கே கட்டியாகி, மற்ற இடம் வெறுமையாக நிற்கும்.

பேரீச்சையைப் பொடியாக நறுக்கி, நெய்யில் இரண்டு மூன்று நிமிடம் வதக்கி மசித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டு அரைக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் பாகின் பதத்தை இளக்கிவிடும்.

இனி பாகு. கடையில் "கடலை மிட்டாய்க்குப் பாகு வெல்லம்" என்று கேட்டு வாங்குங்கள். பழையதாகி, கசிந்து ஒட்டுகிற வெல்லம் எவ்வளவு காய்ச்சினாலும் சரியாக இறுகாது. வெல்லத்தை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, உப்புப் போட்டு மிதமான தீயில் காய்ச்சுங்கள். இது சின்ன அளவு, பதம் வருவதும் தாண்டுவதும் ஒரே நிமிடத்தில் நடந்துவிடும். அதனால் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நுரை அடர்த்தியானதும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு கரைந்து பரவினால் இளம் பாகு. விரலால் திரட்டினால் உருண்டு, அழுத்தினால் மட்டும் தட்டையாகும் கெட்டி உருட்டுப் பதம்தான் நமக்கு வேண்டியது. வெப்பமானி இருந்தால் 118 முதல் 120 டிகிரி செல்சியஸ். உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்டால் அது கடலை மிட்டாய்ப் பதம், தாண்டிவிட்டது என்று அர்த்தம். கலவையில் ஊற்றும் முன்பே கவனித்துவிட்டால் காப்பாற்றலாம்: இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரைப் பார்த்து ஊற்றி, தெறிப்பு அடங்கியதும் மறுபடி பதம் பிடியுங்கள்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, பேரீச்சை விழுதையும் ஏலக்காயையும் கலந்து, உடனே அவல் கலவையில் ஊற்றிக் கிளறுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் நெய் தடவிய பட்டர் பேப்பர் விரித்து, கலவையைக் கொட்டி, அடி தட்டையான டம்ளரில் நெய் தடவி அழுத்துங்கள். மூலைகளை முதலில், பிறகு நடுவை, உடம்பின் பாரத்தைக் கொடுத்து இரண்டு நிமிடம். பலரும் இங்கேதான் மேலாகத் தட்டிவிட்டு விடுகிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனம் சரியாக இருக்கும்.

10 முதல் 15 நிமிடம் கழித்து, கைச்சூடு இருக்கும்போதே பெரிய கத்தியை மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள், அறுக்க வேண்டாம். முழுதும் ஆறிய பிறகு வெட்டினால் வெடிக்கும். துண்டுகளைப் பிரிப்பது ஒரு மணி நேரம் கழித்துப் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று சூடாகவே ஃபிரிட்ஜில் வைத்தால் வேர்த்து, மேல்பக்கம் பிசுபிசுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் உதிர்ந்தால் வருந்தாதீர்கள், மிக்சியில் இரண்டு சுற்று விட்டு, சூடான நெய் ஒரு கரண்டி ஊற்றி உருண்டை பிடித்துவிடலாம்.

ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பத்து நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபிரிட்ஜ் நல்லது. சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், அது கடலையிலுள்ள எண்ணெய் கெட்டதன் அடையாளம்.

சத்துக் கணக்கு: ஒரு துண்டில் ஏறக்குறைய 145 கலோரி, மூன்றரை கிராம் புரதம், ஏழரை கிராம் வெல்லம். வெல்லமும் சர்க்கரைதான், உடம்பு அதை வேறாகப் பார்ப்பதில்லை. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 1,300 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு 5 சதவீதம் என்பது சுமார் 16 கிராம். அப்படியென்றால் ஒரு துண்டிலேயே அதில் பாதி போய்விடுகிறது. சர்க்கரை போட்ட பால், பழச்சாறு என்று வேறு வழியில் சர்க்கரை சேரும் நாளில் 4 வயதுக் குழந்தைக்கு அரைத் துண்டு போதும். பாகு பல்லில் ஒட்டும், தின்றதும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள்.

சின்னவருக்குக் கொடுக்கும்போது கடலைத் துண்டே இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குள் அது மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. தட்டில் ஒரு பாதிக்கு வேர்க்கடலையையும் பொட்டுக்கடலையையும் பூசணி விதையையும் முழுதாகப் பொடித்துக் கலந்து அழுத்தினால் இரண்டு பேருக்கும் ஒரே வேலையில் முடியும். உட்கார்ந்து தின்னட்டும், ஓடிக்கொண்டே வேண்டாம். வேர்க்கடலையும் எள்ளும் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும், பார் பள்ளிக்குப் போகும் என்றால் அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. கடலை கூடாது என்றால் அந்த 100 கிராமுக்குப் பொட்டுக்கடலையும் சூரியகாந்தி விதையும் பாதிப் பாதி. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதையும் விடாமல் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை விடும் நச்சு வறுத்தாலும் முழுதாக அழியாது.