வாங்காமல் இருந்தால் கேம் நிறுவனம் வழிக்கு வருமா?

கேள்வி: பத்து வருடமாக ஒரே கேம் தொடரை வாங்கி விளையாடுகிறேன். கடைசி பாகத்தை முழு விலை கொடுத்து வாங்கிய பிறகும், உள்ளே லூட் பாக்ஸுக்கு (என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வாங்கும் பரிசுப் பெட்டி) தனியாகப் பணம் கேட்டார்கள். அடுத்த பாகத்தை நாங்கள் நண்பர்கள் நாற்பது பேர் புறக்கணிக்கலாம் என்றிருக்கிறோம். பலன் இருக்குமா, வீண் வேலையா?

பதில்: பலன் கிடைத்த சம்பவங்கள் உண்டு. அதற்கு முன் சொதப்பிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் 'மாடர்ன் வார்ஃபேர் 2' கேமின் கணினிப் பதிப்பில், ஆட்டக்காரர்கள் தாங்களே தனி சர்வர் வைத்து நடத்தும் வசதியை எடுத்துவிட்டார்கள். கொதித்துப்போன ரசிகர்கள், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் புறக்கணிப்புக் குழு தொடங்கினார்கள். நவம்பர் 10-இல் கேம் வெளியானது. வெளியானதும் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை யாரோ படம் பிடித்துப் போட்டார். பெயருக்குப் பெயர், கீழே பச்சை எழுத்தில் 'இப்போது விளையாடுவது: மாடர்ன் வார்ஃபேர் 2'! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளே 47 லட்சம் பிரதிகள் விற்றன. இப்படி ஒரு படத்தைப் பார்த்த பிறகு எந்த நிறுவனம் பயப்படும்?

உங்கள் குறையோடு நேரடியாக ஒத்துப்போவது 2017-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2'. டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற வில்லனாக ஆடும் வசதியைத் திறக்க 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சாதித்த பெருமை கிடைக்கத்தான் அப்படி வைத்தோம் என்கிற தொனியில் கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனம் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பதில் எழுத, அதற்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர் வாக்குகள் விழுந்தன. வெளியீட்டுக்கு முந்தைய நாள் கேமுக்குள் பணம் வாங்குவதை நிறுத்தினார்கள். 2018 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தபோது, காசு கொடுத்தால் தோற்ற அலங்காரம் மட்டுமே கிடைத்தது.

ரசிகர்களின் கோபம் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. ஸ்டார் வார்ஸ் டிஸ்னியின் சொத்து. கேம் வெளியான அடுத்த மாதம் அவர்களுக்கு ஸ்டார் வார்ஸ் படம் ரிலீஸ். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமும் லூட் பாக்ஸை விசாரிக்கத் தொடங்கியிருந்தது. 2018 ஏப்ரலில், லூட் பாக்ஸ் சூதாட்டமே என்று சொல்லிவிட்டது. அப்புறம் ஈஏ தன் ஃபிஃபா கால்பந்து கேமிலும், இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்க உதவும் பாயின்ட்களின் விற்பனையை அந்த நாட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று.

கோரிக்கை ஒரே வரியில் இருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். 2024 மே மாதம், 'ஹெல்டைவர்ஸ் 2'-ஐக் கணினியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்றது கேமை வெளியிட்ட சோனி. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகள் நூற்றுக்கும் மேல். வாங்கியவர்கள் ரீஃபண்ட் கேட்டார்கள். ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேல் மோசமான விமர்சனங்கள் குவிந்தன. மூன்றே நாளில் விதி வாபஸ். அவர்கள் கேட்டது 'எங்களை மதியுங்கள்' என்பதல்ல, 'இந்த விதியை எடுங்கள்' என்பதுதான்.

இலவச கேம்களில் மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள். அங்கே வருமானத்தின் பெரும்பகுதி, கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் சிலரிடமிருந்து வருகிறது. 2022-இல் 'டயாப்ளோ இம்மார்ட்டல்' வாங்காத திட்டு இல்லை, கல்லாவும் நிரம்பியது. திட்டியவர்கள் வேறு, பணம் கட்டியவர்கள் வேறு. உங்களுடையது விலை கொடுத்து வாங்கும் கேம் என்பதால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது.

சரி, நாற்பது பேர் என்ன செய்யலாம்? முன்பதிவு செய்யாதீர்கள், வெளியீட்டுக்கு முன்பே நிறுவனம் கவனிக்கும் எண்களில் அதுவும் ஒன்று. யாராவது ஆசையில் வாங்கிவிட்டால், ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். கேட்கும்போது காரணத்தையும் எழுதுங்கள். 'பேராசை பிடித்தவர்கள்' என்று எழுதினால் படிப்பவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. 'லூட் பாக்ஸை எடுத்தால் வாங்குவேன்' என்று எழுதுங்கள். புறக்கணிப்பை முதல் இரண்டு மூன்று வாரங்களிலாவது கட்டாயம் கடைப்பிடியுங்கள், விற்பனையின் பெரும்பங்கு அப்போதுதான். ஆறு மாதம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் அதை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன்.

கேம் பிடித்திருந்தும் கோபத்தில் மதிப்பெண்ணைக் குறைப்பது வேறு விஷயம். 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. அது விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்தான். ஆனாலும் லூட் பாக்ஸ் வைக்கலாம் என்று முடிவெடுப்பவர் ஒருவர், போனஸை இழப்பவர் இன்னொருவர் என்பதை மறக்க வேண்டாம். இரவு பகலாக ஊழியர்களைப் பிழிவது போன்ற விஷயங்களில், அங்கே வேலை செய்பவர்களின் சங்கம் அழைத்தால் மட்டும் புறக்கணியுங்கள் என்பேன்.

ஏற்கெனவே பணம் வாங்கிய கேமை மூடிவிட்டால் புறக்கணிக்க எதுவும் மிச்சமில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை அணைத்த பிறகு ரசிகர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் மனு இயக்கம் தொடங்கி, பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டினார்கள். உங்கள் குறையும் சூதாட்டச் சட்டத்தின் எல்லையைத் தொடுவதால், வாங்காமல் இருப்பதோடு நுகர்வோர் அமைப்புக்கு ஒரு புகாரும் அனுப்புங்கள். அதற்கு முன், நாற்பது பேரில் யாராவது இப்போதே முன்பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, இருந்தால் ரத்து செய்யச் சொல்லுங்கள்.