அந்த வட்டம் அலங்காரம் அல்ல

கேள்வி: ஸ்டாக்ஹோமின் மிகக் குறுகிய சந்தின் பெயரை எல்லாரும் ‘மார்ட்டன் டிரோட்சிக் சந்து’ என்று எழுத, நீங்கள் மட்டும் ‘மோர்ட்டன்’ என்கிறீர்கள். Mårten என்ற பெயரில் வரும் ‘å’ எழுத்தின் தலையில் ஓர் அலங்கார வட்டம், அதற்காகவா இந்தப் பிடிவாதம்?

பதில்: அலங்காரம் என்ற சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள். அந்த வட்டம் ஒரு குட்டி ‘ஓ’. ‘ஆ’வின் தலையில் அதை ஏற்றி, 1526-இல் ஸ்வீடிஷ் புதிய ஏற்பாட்டில் அச்சிட்டார்கள். இன்று அது தனி எழுத்து. அகராதியில் இசட்டையும் தாண்டி அதற்கென்று இடம் இருக்கிறது. வட்டம் இருந்தால் ‘ஃபோர்’, செம்மறியாடு. வட்டத்தை எடுத்தால் ‘ஃபார்’, அப்பா! ‘பல்’லின் புள்ளியை விழுங்கிப் ‘பல’ என்று அச்சிட்டால் நம் வாசகர் சும்மா விடுவாரா? உலகத்தையே ஆங்கிலத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதும் பயணக் கட்டுரைகளோடு எனக்கு இருபது வருடச் சண்டை. அது இன்னும் ஓயவில்லை.

அந்தப் பகுதியில் வட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. சந்தின் கீழ்முனை சேரும் வெஸ்டர்லோங்காத்தன் தெருவில் ‘லோங்’ என்றால் நீளம், அதிலும் வட்டம். 1544-இல் ‘குறுகிய படிச்சந்து’ என்றிருந்த சந்தின் பெயர் 1608-இல் வெறும் ‘படிச்சந்து’ ஆனது. குறுகலைச் சொல்லும் ‘ட்ரோங்’கிலும் வட்டம். பொருத்தமான பெயர்தான். மொத்தம் 36 படிகள், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர். எதிரே ஆள் வந்தால் இருவரில் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு முனைகளையும் அடைத்துவிட்டார்கள். 1945-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

மோர்ட்டன் என்பது மார்ட்டினின் ஸ்வீடிஷ் வடிவம். டிரோட்சிக் 1559-இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் பிறந்தவர். 1581-இல் ஸ்டாக்ஹோமுக்குக் குடிபெயர்ந்து, இரும்பும் செம்பும் விற்றுப் பெரும் பணக்காரரானார். 1597-லும் 1599-லும் இந்தச் சந்தில் வீடுகள் வாங்கினார், கடையும் வைத்தார். சந்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 1617-இல் செம்புச் சுரங்க ஊருக்குப் போன பயணத்தில் கொள்ளையர்கள் அடித்துப் பறித்தார்கள். அந்தக் காயத்திலேயே இறந்துபோனார்.

அவருக்கு மிஞ்சியது அந்தச் சந்துச் சுவரில் இருக்கும் பெயர்ப்பலகை. அதிலிருந்து ஓர் எழுத்தை நானும் பறிக்க மாட்டேன்.