கோத்தகிரியில் இருந்துகொண்டே ஜப்பானிய மொழி ஆசிரியராக வளர முடியுமா?

கேள்வி: கோத்தகிரியில் நர்சிங் மாணவிகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (ஜேஎல்பிடி) என்3 நிலை தேறியிருக்கிறேன், ஆனால் ஆசிரியர் பயிற்சி எதுவும் எடுத்ததில்லை. பாடப் பொருள்களுக்கும் மேற்படிப்புக்கும் என்ன வழி? பெங்களூருக்கே போய்விட வேண்டுமா?

போக வேண்டாம். நான் குன்னூரில் ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். மழைக்காலத்தில் நெட் போவதைத் தவிர மலை எனக்குப் பெரிய தடையாக இருந்ததில்லை.

முதலில் காசு போகாமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். '420 மணி நேர ஆசிரியர் சான்றிதழ்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு இடத்தில் 35,000 ரூபாய் கட்டினேன். வந்தது பழைய ஒலிப்பதிவுகளும், கடைசியில் என் பெயரையே தப்பாக அச்சடித்த ஒரு காகிதமும்தான். ஜப்பானில் 2024 ஏப்ரலிலிருந்து பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர் என்ற தேசியத் தகுதி இருக்கிறது. அதன் முதல் தேர்வும் அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. அது ஜப்பானில் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் கற்பிப்பவர்களுக்கானது. கோத்தகிரியில் வகுப்பு எடுக்க அது தேவையில்லை.

பொருள்களில் பெரும்பாலானவை இலவசம். ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்பும் ஜப்பான் ஃபவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட 'இரோதோரி' பாடநூலைப் புத்தகமாகவும் ஒலியாகவும் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஜப்பானில் வாழவும் வேலை செய்யவும் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது, அதனால் உங்கள் மாணவிகளுக்குப் பொருந்தும். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஜேஎஃப்டி பேசிக் தேர்வும் (250க்கு 200 எடுத்தால் தேர்ச்சி) ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் 'மின்னா நோ நிஹோங்கோ'வைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இலக்கணத்துக்கு அது கெட்டியான புத்தகம். ஆனால் அதை மட்டும் படித்த பிள்ளைக்கு வாக்கியம் அமைக்க வரும், வாய் திறக்காது. நான் இரோதோரியை முன்னால் வைத்து, மின்னாவைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறேன். படங்களுக்கும் வகுப்பு விளையாட்டுகளுக்கும் ஜப்பான் ஃபவுண்டேஷன் ஆசிரியர்களுக்கென்றே நடத்தும் 'மின்னா நோ க்யோசாய்' தளம் இருக்கிறது. நல்ல நெட் கிடைக்கும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தத் தளத்திலும் எனக்குக் கிடைக்காத ஒரு பொருள் நம்மிடமே இருக்கிறது. அது தமிழ்.

பாடநூல் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் நாமும் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறோம். 'தபெதெ மிரு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'முயன்று பார்த்தல்' என்று ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். 'சாப்பிட்டுப் பார்', அவ்வளவுதான்! 'கத்தெ ஒகு' அப்படியே 'வாங்கி வை'. 'தபெதெ ஷிமத்தா' என்றால் 'சாப்பிட்டுவிட்டேன்'. வினையெச்சத்தோடு இன்னொரு வினையை ஒட்டும் இந்தப் பழக்கம் நம் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 'நேற்று படித்த புத்தகம்' என்ற அமைப்பும் சொல் வரிசை மாறாமல் அப்படியே வரும். இதுபோன்ற ஒற்றுமைகளையும் காட்டித்தான் ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வகுப்பில் ஒரு மாதம் மிச்சமாகிறது.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. 'எழுது' (kaku) என்பதற்கும் 'மரச்சாமான்' (kagu) என்பதற்கும் ஜப்பானியத்தில் கடைசி எழுத்தின் ஒலி மட்டும்தான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் 'ககு'. சரி, வல்லினமாக்கலாம் என்று 'கக்கு' என்று எழுதினால் மெய் இரட்டித்துவிடும். ஜப்பானியத்தில் அதற்கும் பொருள் மாறும் (அதோடு வகுப்பே சிரித்துவிடும்). அதனால் முதல் வாரத்திலிருந்தே தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்க விடாதீர்கள், நேராக ஜப்பானிய எழுத்தான ஹிரகனாதான். படுகு பேசும் பிள்ளைகளுக்கு இந்த ஒலி வேறுபாடு வீட்டு மொழியிலேயே இருப்பதால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களை முன் பெஞ்சில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். குறில் நெடில் தமிழிலேயே இருப்பதால் அதில் யாருக்கும் சிரமமில்லை.

அடுத்தது பயிற்சி. 2017இல் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டில், ஐந்து ஆண்டுகளில் 1,000 ஆசிரியர்களை உருவாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். அதற்காக 2018இல் டெல்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கியது. நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. அடுத்த படி ஜப்பான் ஃபவுண்டேஷனின் உரவா நிலையம். டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைதாமாவில், வெளிநாட்டு ஆசிரியர்களுக்காகவே 1989இல் தொடங்கியது. என்னோடு படித்த தோழி அங்கே போய்வந்தாள். நாம் வாரம் முழுக்க இலக்கணம் விளக்குகிறோம், அங்கே 'இந்தப் பாடம் முடிந்ததும் உன் மாணவியால் என்ன செய்ய முடியும்' என்றுதான் கேட்டார்களாம். உரவாவுக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் ஆசிரியராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு டியூஷன் செல்லாது. உங்கள் கல்லூரியிடம் வாரம் இத்தனை மணி நேரம் எடுக்கிறீர்கள் என்று இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஜப்பான் அரசின் 'ஆசிரியர் பயிற்சி' உதவித்தொகையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பள்ளி ஆசிரியர்களுக்கானது, ஐந்து ஆண்டு அனுபவம் கேட்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் என்2வை முடித்துவிடுங்கள். என்3 வைத்துக்கொண்டு தொடக்க வகுப்பு எடுக்கலாம், ஆனால் பயிற்சியே ஜப்பானிய மொழியில் நடக்கும்போது திணறிப்போவீர்கள். டிசம்பர் தேர்வுக்குச் சென்னை போவதாக இருந்தால் சனிக்கிழமை இரவு நீலகிரி எக்ஸ்பிரஸை நம்பிக் கிளம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமையே இறங்கிவிடுங்கள். மண்சரிவில் குன்னூர் சாலை அடைத்துவிட்டால் அத்தனை வண்டியும் உங்கள் கோத்தகிரி சாலையில்தான் வந்து நிற்கும். ஒரு வருடம் அந்த வரிசையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே ரயிலை விட்டவள் நான்.